ஈரக் கை, காய்ந்த கை: வீட்டிலேயே ஷீட் ஃபிலிம் கழுவிய அனுபவம்

வீட்டில் நான் முதன்முதலாகக் கழுவிய ஆறு ஷீட்டில் ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை. எல்லாம் ரோலாக இல்லாமல் தனித்தனித் தாளாக வரும் 4×5 அங்குல ஃபிலிம், எல்லாம் ஒரே நாளில் எடுத்தவை. இரண்டு ஷீட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன; விளக்கைப் போட்டுப் பிரித்துப் பார்த்தால் ஒன்றின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குப் பால் நிறத் திட்டு. பிரித்த அவசரத்தில் மற்றதில் நகம் பட்டுக் கீறல். மூன்றாவதில் வானத்தின் குறுக்கே ஒரு நீளக் கோடு, வேறொரு ஷீட்டின் மூலை உழுதுவிட்டுப் போன தடம். நான்காவது ஷீட், கேமராவில் ஃபிலிமைத் தாங்கும் சட்டமான ஹோல்டரில், எமல்ஷன் பக்கம் (வெளிச்சத்தை உணரும் பூச்சுள்ள பக்கம்) உள்நோக்கி ஏறியிருந்ததால் படம் இருக்கிறதா இல்லையா என்று தேடும் அளவுக்கு மங்கல். ஐந்தாவதில் இரண்டு காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்று. ஆறாவதில் ஒரு ஓரம் முழுக்கக் கறுத்திருந்தது, எங்கோ வெளிச்சம் புகுந்திருக்கிறது.

இத்தனைக்கும் அன்று ரசாயனத்தில் ஒரு குறையும் இல்லை. படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனமான டெவலப்பரை அளந்து கலந்திருந்தேன், தெர்மாமீட்டர் 20 டிகிரி காட்டியது, நேரம் அட்டவணைப்படி. எந்த டெவலப்பர் நல்லது என்று வாரக்கணக்கில் படித்துவிட்டு உள்ளே போனவன் நான். ஆறு ஷீட்டும் கெட்டது என் கைகளால்தான். இருட்டில் அந்தக் கைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, நானும் பழக்கவில்லை. அதனால் டெவலப்பரைப் பற்றிக் கொஞ்சமும் கைகளைப் பற்றி நிறையவும் இங்கே எழுதப்போகிறேன்.

ஒரு சொல் விளக்கம் முதலில். ‘கழுவுவது’ என்று நான் சொல்வது ஃபிலிமை டெவலப் செய்யும் முழு வேலையையும். கடைசியில் ஓடும் தண்ணீரில் விடுவதை ‘அலசுவது’ என்கிறேன். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ரோல் ஃபிலிம் கழுவிப் பழகியவர்களுக்கு ஷீட் ஃபிலிம் ஏன் புதிதாகத் தெரிகிறது என்றால், ரோலில் ஃபிலிமைச் சுற்றி வைக்கும் ஸ்பைரலும் வெளிச்சம் புகாத டாங்கும் நமக்காகப் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. ஃபிலிம் ஒன்றையொன்று தொடாது, ஒருமுறை மூடிவிட்டால் மீதி எல்லாம் வெளிச்சத்தில். ஷீட்டில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நம் விரல்களுக்கு நடுவில் நிற்கிறது. ஹோல்டரில் ஏற்றும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை, ட்ரேயில் போடும்போது ஒருமுறை என்று ஒரே ஷீட்டை இருட்டில் குறைந்தது மூன்று தடவை தொடுகிறோம். ஒவ்வொரு தொடுதலும் கீறலுக்கு, தூசிக்கு, ரேகைக்கு ஒரு வாய்ப்பு.

ஆகவே நான் செய்த முதல் திருத்தம், ஒரு ஷீட்டைப் பலி கொடுத்தது. பெட்டியிலிருந்து நல்ல ஃபிலிம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும், நாட்ச் என்பது அதுதான். ஷீட்டை நெட்டாகப் பிடித்து, நாட்ச் மேல் ஓரத்தில் வலது மூலையில் இருந்தால், எமல்ஷன் உங்களைப் பார்த்து இருக்கிறது. அவ்வளவுதான் விதி. வலது கை ஆள்காட்டி விரல் அந்த வெட்டில் உட்கார்ந்தால் சரி. வெட்டுகளின் வடிவம் ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும், தயாரிப்பாளரின் குறிப்புத்தாளில் படம் போட்டிருப்பார்கள். இரண்டு வகை ஃபிலிம் வைத்திருப்பவர்கள் விரலால் தடவியே எது எது என்று கண்டுபிடிக்கலாம்.

அந்த ஒரு ஷீட்டை வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்து பத்து முறை ஹோல்டரில் ஏற்றி இறக்கினேன், பிறகு கண்ணை மூடிப் பத்து முறை. முக்கியமான இடம் ஒன்று உண்டு. ஹோல்டரின் கீழ் மடல் திறந்திருக்க, ஷீட்டை இரண்டு பக்கமும் உள்ள மெல்லிய தண்டவாளங்களுக்கு அடியில் செருக வேண்டும். டார்க் ஸ்லைடு (ஃபிலிமை வெளிச்சத்திலிருந்து மறைக்கும் தகடு) போகும் பள்ளம் அதற்கு மேலேயே இருப்பதால் ஷீட் தவறுதலாக அதில் ஏறிவிடும். ஏறினால் டார்க் ஸ்லைடு முழுதாக மூடாது, அல்லது ஃபோகஸ் தள்ளிப்போகும். முழுக்கத் தள்ளியபின் ஷீட்டின் விளிம்பை நகத்தால் லேசாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் இருந்தால் தூக்க வராது. அந்தச் சின்ன எதிர்ப்பு விரலுக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் எத்தனை ஷீட் வேண்டுமானாலும் ஏற்றலாம்.

இரட்டைப் படம் விழுந்ததற்குக் காரணம் டார்க் ஸ்லைடின் நிறத்தை நான் மதிக்காதது. அதன் தலையில் ஒரு பக்கம் வெள்ளையாகவோ வெள்ளி நிறமாகவோ இருக்கும், மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் இன்னும் எடுக்காத ஃபிலிம், கறுப்பு தெரிந்தால் எடுத்தாயிற்று. பெரும்பாலான ஹோல்டரில் வெள்ளைப் பக்கத்தின் விளிம்பில் சிறு புடைப்புகளும் இருக்கும், இருட்டில் தடவிப் பார்க்க. படம் எடுத்தவுடன் ஸ்லைடைத் திருப்பிச் செருகுவது மட்டும் போதாது, மேலே உள்ள கொக்கியையும் போட வேண்டும். கொக்கி போடாத ஹோல்டர் பைக்குள் எதிலாவது உரசிக்கொண்டு தானே திறந்துகொள்ளும். நான் இப்போது வாய்விட்டே சொல்கிறேன், “கறுப்பு, கொக்கி” என்று. கேமரா பக்கத்தில் யார் நின்றாலும் சரி.

அடுத்து இருட்டு. சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் பான்குரோமாட்டிக், அதாவது எல்லா நிற வெளிச்சத்தையும் பார்க்கும், சிவப்பையும் சேர்த்து. அதனால் சிவப்பு விளக்கு உதவாது, முழு இருட்டுதான். நான் பயன்படுத்துவது குளியலறை. கதவை மூடிவிட்டு உள்ளே பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். முதல் நிமிடத்தில் கும்மிருட்டு என்று தோன்றும், ஐந்தாவது நிமிடத்தில் கதவின் அடியில் ஒரு கோடு, சாவித் துவாரத்தில் ஒரு புள்ளி, வாட்டர் ஹீட்டரில் ஒரு சிவப்புக் கண் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். என் ஆறாவது ஷீட்டைக் கெடுத்தது அந்தச் சிவப்புக் கண்தான் என்று முதலில் நினைத்தேன். அதைக் கறுப்பு டேப்பால் மூடினேன், கதவடியில் துண்டைச் சுருட்டி வைத்தேன், வேலையை இரவுக்கு மாற்றினேன். ஆனாலும் அடுத்த முறையும் ஒரு ஷீட்டில் அதே ஓரம், அதே அகலத்தில் கறுத்தது. அறையில் புகுந்த வெளிச்சமாக இருந்தால் அத்தனை ஷீட்டிலும் கண்டபடி விழுந்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும், ஒரே இடத்தில் விழுகிறது என்றால் அது ஹோல்டர்.

ஆனால் எந்த ஹோல்டர்? என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் எதிலும் எண் போட்டிருக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஹோல்டருக்கும் எண், ஒவ்வொரு பக்கத்துக்கும் அ, ஆ. அதோடு இன்னொரு பழைய உத்தியும் உண்டு: ஹோல்டரின் கீழ் மடலில், ஃபிலிமின் ஓரத்தை மறைக்கும் விளிம்பில், மெல்லிய அரத்தால் ஒரு சின்ன வெட்டுப் போட்டால் படம் எடுக்கும்போது அந்த வெட்டு வழியாகவும் வெளிச்சம் பட்டு நெகட்டிவின் ஓரத்தில் அடையாளம் விழும். ஒரு ஹோல்டருக்கு ஒரு வெட்டு, அடுத்ததற்கு இரண்டு. கழுவிய பிறகு எது எந்த ஹோல்டரிலிருந்து வந்தது என்று நெகட்டிவே சொல்லும். இரண்டு வாரத்தில் குற்றவாளி கிடைத்தது, டார்க் ஸ்லைடு நுழையும் வாயில் இருந்த வெல்வெட் தேய்ந்து போயிருந்தது. அந்த ஹோல்டரை ஏற்றிப் பழகுவதற்கென்று ஒதுக்கிவிட்டேன்.

இருட்டில் நேரம் பார்ப்பது எப்படி என்பது பலரும் கேட்பது. ஃபோனை உள்ளே கொண்டுபோகவே வேண்டாம், முகம் குப்புற வைத்தாலும் ஒரு அழைப்பு வந்தால் போச்சு. ஒளிரும் முள் உள்ள கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். நான் என் குரலையே பதிவு செய்து வைத்திருக்கிறேன். “டெவலப்பரில் போடு… முப்பது… ஒரு நிமிடம்… ஒன்றரை…” என்று பதினான்கு நிமிடம் ஓடும் பதிவு. ஃபோனைக் கதவுக்கு வெளியே வைத்து, ஒலியை ஏற்றி, ஓட விட்டுவிட்டு விளக்கை அணைத்து உள்ளே போவேன். முதல் மூன்று நிமிடம் வெறும் தயாரிப்புக்கு. கணக்கை மனதுக்குள் எண்ணிக்கொண்டே ஷீட்டையும் புரட்டுவது என்னால் ஆகவில்லை. குரல் எண்ணிக்கொள்ளட்டும், கை தன் வேலையைப் பார்க்கட்டும்.

சரி, ட்ரே. டாங்க் வைத்துச் செய்பவர்கள் நிறைய, அதற்கும் பிறகு வருகிறேன். நான் ட்ரேக்குத் திரும்பி வந்தவன். 4×5 ஷீட்டுக்கு 5×7 அங்குல ட்ரே சரியான அளவு, அதைவிடப் பெரிதானால் ஷீட்டுகள் அடுக்கு கலைந்து திசைக்கொன்றாக மிதக்கும், மூலைகள் ஒன்றையொன்று குத்தும். அடிப்பகுதி வழவழப்பாக இருக்க வேண்டும், வரி வரியாகப் புடைப்பு உள்ள ட்ரே ஃபிலிமைக் கீறும். இடமிருந்து வலமாக நான்கு: தண்ணீர், டெவலப்பர், ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்துவது), ஃபிக்ஸர் (மிச்ச வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைக்க வைப்பது). ஃபிக்ஸர் ட்ரேயின் விளிம்பில் துணி கவ்வும் கிளிப் ஒன்றை மாட்டியிருக்கிறேன், கை பட்டதும் “இது கடைசி” என்று தெரிவதற்காக. ஃபிக்ஸரில் நனைந்த விரல் டெவலப்பருக்குத் திரும்பக்கூடாது என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

என் இரண்டு ஷீட் ஏன் ஒட்டிக்கொண்டன என்று புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று. ஃபிலிமின் மேல் இருப்பது ஜெலட்டின். காய்ந்திருக்கும்போது அது வழுக்கும், முழுக்க ஊறிய பிறகும் வழுக்கும், ஆனால் இரண்டுக்கும் நடுவில், தண்ணீர் பட்டு அரைகுறையாக நனைந்திருக்கும் அந்தச் சில நொடிகளில், பசையாக இருக்கும். அந்த நேரத்தில் இன்னொரு ஷீட் அதன்மேல் படுத்தால் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்துக்கு டெவலப்பரும் போகாது, ஃபிக்ஸரும் போகாது. என் பால் நிறத் திட்டு அதுதான், எதுவுமே தொடாத வெள்ளி உப்பு. மறுபடி ஃபிக்ஸரில் போட்டதும் அது கண்ணாடி மாதிரி ஆயிற்று, படம் இல்லாத வெற்றிடம்.

அதனால்தான் தலைப்பில் உள்ள விஷயம். இடது கை காய்ந்த கை, அது தண்ணீரைத் தொடவே தொடாது. பெட்டியில் கிடக்கும் ஷீட்டுகளிலிருந்து ஒன்றை மட்டும் விளிம்பைப் பிடித்து எடுக்கும், தண்ணீர் ட்ரேயில் ஒரு ஓரம் முதலில் இறங்குமாறு சாய்த்து விடும், அவ்வளவுதான். வலது கை ஈரக் கை. அது ஷீட்டை அமுக்கி முழுக வைத்து, லேசாக அசைத்து, இருபது நொடி எண்ணும் வரை அங்கேயே இருக்கும். விரல் நுனியில் முதலில் ஒரு மாதிரி இழுக்கும், பிறகு சட்டென்று வழுவழுப்பாகிவிடும். அந்த மாற்றம் நன்றாகவே தெரியும், தெரிந்தபின்தான் அடுத்த ஷீட். நான்கு ஷீட்டும் இறங்கிய பிறகு இன்னும் இரண்டு நிமிடம் புரட்டிக்கொண்டே ஊற விடுகிறேன். பின்னால் வெளிச்சத்தில் அந்தத் தண்ணீரைப் பார்த்தால் நீலமாகவோ பச்சையாகவோ ஊதாவாகவோ இருக்கும். ஃபிலிமின் சாயம் கரைந்து வந்தது, பயப்பட ஒன்றும் இல்லை.

ஒரே சமயத்தில் எத்தனை ஷீட் என்பதில் பேராசை கூடாது. பழகியவர்கள் எட்டு, பத்து என்று செய்கிறார்கள். நான் ஆறில் ஆரம்பித்துக் கெடுத்தேன், இரண்டுக்கு இறங்கினேன், இப்போது நான்கில் நிற்கிறேன். நான்குக்கு இன்னொரு வசதியும் உண்டு. நான்கு 4×5 ஷீட்டின் பரப்பு 80 சதுர அங்குலம். ஒரு 8×10 ஷீட், ஒரு 120 ரோல், 36 படம் உள்ள ஒரு 35 மி.மீ. ரோல் எல்லாம் ஏறக்குறைய அதே பரப்புதான். ஆகவே ரோலுக்கு எவ்வளவு டெவலப்பர் தேவை என்று தெரிந்திருந்தால் கணக்கு அப்படியே பொருந்தும். டி-76 அல்லது ஐடி-11 டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து 500 மி.லி. எடுத்தால் அதில் 250 மி.லி. மூலக் கரைசல் இருக்கிறது, நான்கு ஷீட்டுக்குப் போதும். தண்ணீரைக் கூட்டி ட்ரேயை நிரப்பிவிட்டு மூலக் கரைசலைக் குறைத்தால் படம் மெலிந்து வரும், நேரம் சரியாக இருந்தாலும்.

புரட்டும் முறை: அடுக்கின் அடியில் உள்ள ஷீட்டை முழுதாக வெளியே இழுத்து, மேலே தட்டையாகப் படுக்க வைத்து, விரல் சதையால் மெல்ல அமுக்குவது. விரல் நுனியால் அல்ல, சதையால். ஒரு ஷீட்டுக்கு ஏழு நொடி என்றால் நான்கும் ஒரு சுற்று வர அரை நிமிடம் ஆகும், பதிவுக் குரல் “முப்பது” என்றதும் சுற்று முடிந்திருக்கும். முதல் ஷீட்டை மட்டும் நாட்ச் எதிர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள், அது கைக்கு வரும்போதெல்லாம் ஒரு சுற்று ஆயிற்று என்று தெரியும். எப்போதும் ஒரே பக்கமிருந்து இழுத்தால் அந்த ஓரங்களில் டெவலப்பர் அதிகமாக ஓடி வானம் ஒரு பக்கம் அடர்ந்துவிடுகிறது, அதனால் ஒரு சுற்று நீளவாட்டில், ஒரு சுற்று அகலவாட்டில் இழுக்கிறேன்.

எமல்ஷன் மேலேயா கீழேயா என்பதில் ஆளாளுக்கு ஒரு கட்சி. நான் கீழே. மேலிருந்து வைக்கிற ஷீட்டின் மூலை தவறிக் குத்தினாலும் அடியில் உள்ளதன் முதுகில்தான் குத்தும், அங்கே பட்டால் பெரிய சேதமில்லை. வானத்தில் கோடு விழுந்த அந்த மூன்றாவது ஷீட்டுக்குப் பிறகு எடுத்த முடிவு இது, இதுவரை மாற்றத் தோன்றவில்லை.

டெவலப்பரில் எந்த வரிசையில் போட்டோமோ அதே வரிசையில், அதே இடைவெளியில் ஸ்டாப் பாத்துக்கு மாற்ற வேண்டும். ஐந்து நொடிக்கு ஒன்று என்று போட்டிருந்தால் ஐந்து நொடிக்கு ஒன்று என்று எடுக்க வேண்டும். அப்போதுதான் எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் கிடைக்கும்.

கையுறையைப் பற்றி. மெல்லிய நைட்ரைல் கையுறை, விரலோடு ஒட்டி நிற்கும் அளவில். தொளதொளவென்று இருந்தால் நாட்ச் தெரியாது, ஷீட் ஒன்றா இரண்டா என்றும் தெரியாது. டெவலப்பர்களில் உள்ள மெட்டால் என்ற ரசாயனம் சிலருக்குத் தோல் அழற்சியைக் கொண்டுவரும், ஆரம்பத்தில் ஒன்றும் ஆகாதவர்களுக்கும் நாளடைவில் வரலாம். பைரோ வகை டெவலப்பர் என்றால் கையுறை இல்லாமல் தொடவே கூடாது, அது நஞ்சு. பொடியைக் கரைக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், அறைக்குக் காற்று வர வழி இருக்கட்டும். இந்த வேலைக்கு எடுத்த அளவைக் குவளையும் பாட்டிலும் வேறு எதற்கும் திரும்பப் போகக்கூடாது, குடிக்கும் பாட்டில் எதிலும் கரைசலை ஊற்றி வைக்கவே கூடாது. பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கிறது, அதைச் சாக்கடையில் கொட்டாமல் தனிக் கேனில் சேர்த்து, ரசாயனக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுப்பதுதான் முறை.

வெப்பநிலையில் என் அனுபவம் இது: 20 டிகிரியைப் பிடித்துத் தொங்குவதைவிட, எல்லாக் கரைசலும் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரி, இரண்டு டிகிரிக்குள் இருப்பது முக்கியம். டெவலப்பர் 20, அலசும் தண்ணீர் 30 என்றால் ஜெலட்டின் அதிர்ச்சியில் சுருங்கி வலை வலையாக வெடிக்கும் அபாயம் உண்டு. குழாய்த் தண்ணீர் சூடாக இருக்கும் நாளில் நான் 24 டிகிரியிலேயே கழுவுகிறேன், நேரத்தைக் குறைத்துக்கொண்டு. 20 டிகிரியில் பத்து நிமிடம் என்றால் 24 டிகிரியில் சுமார் ஏழு. நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போய்விட்டால் மட்டும் கவனம், திட்டுத் திட்டாக வரும், அப்போது டெவலப்பரை இன்னும் நீர்க்கக் கலந்து நேரத்தை நீட்டிவிடுவது நல்லது. இன்னொன்று, நம் கையே ஒரு அடுப்பு. ஒருமுறை 20இல் ஆரம்பித்த ட்ரேயை முடிந்ததும் அளந்தால் 21.5. அதனால் டெவலப்பர் ட்ரேயைத் தண்ணீர் நிரப்பிய பெரிய ட்ரே ஒன்றுக்குள் உட்கார வைக்கிறேன். சூடேறிய ஜெலட்டின் மேலும் இளகும், எளிதில் கீறும், அதுவும் ஒரு காரணம்.

நேரத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால், எஃப்பி4 பிளஸ் ஃபிலிமுக்கு ஐடி-11 ஒன்றுக்கு ஒன்று, 20 டிகிரியில் 11 நிமிடம். எச்பி5 பிளஸுக்கு 13. இவை அவ்வப்போது அசைக்கும் டாங்குக்குச் சொல்லப்பட்ட நேரங்கள். ட்ரேயில் இடைவிடாமல் புரட்டுவதால் டெவலப்பர் வேகமாக வேலை செய்யும், ஆகவே 15 சதவீதம் வரை குறைத்து ஆரம்பிக்கலாம். பிறகு உங்கள் நெகட்டிவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஸ்டாப் பாத்தில் ஒரு நிமிடம். பிறகு ஃபிக்ஸர். அங்கே நேரத்தை நம்பாதீர்கள், ஃபிலிமையே கேளுங்கள். அந்தப் பலி கொடுத்த ஷீட்டைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வேலைக்கு முன் ஒரு துண்டை ஃபிக்ஸரில் போட்டு, பால் நிறம் போய்த் தெளிய எத்தனை நொடி என்று பார்ப்பேன். அதற்கு இரண்டு மடங்காவது ஃபிக்ஸரில் இருக்க வேண்டும். புது ஃபிக்ஸரில் தெளிந்த நேரத்தைப் பாட்டிலில் எழுதி வைத்து, அது இரு மடங்கானதும் அந்தக் கரைசலுக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறேன். ஃபிக்ஸரில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டிய பிறகு விளக்கைப் போடலாம். இன்றுவரை அந்த நொடியில் எனக்கு மூச்சு ஒரு கணம் நிற்கும். சிவந்த மஞ்சள் வெளிச்சத்தில் அடர்ந்த ஈர ஷீட் ஒன்றை மூலையைப் பிடித்துத் தூக்கினால், ஃபிக்ஸர் ஓரமாக வழிந்து சொட்ட, கல்லின் சொரசொரப்புகூடத் தெரிகிற அளவில் ஒரு முழுக் காட்சி தலைகீழ் நிறத்தில் கையில் நிற்கும். பூதக்கண்ணாடி தேவையில்லை. ஷீட் ஃபிலிமை விட முடியாமல் போவதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

டாங்க் முறைகளையும் முயன்றிருக்கிறேன். சாதாரண ரோல் டாங்கில் ஷீட்டை உருட்டி ரப்பர் பேண்ட் போட்டுச் செருகுவது மலிவான வழி. ஆனால் முதுகுப் பக்கம் கரைசல் சரியாகப் போகாமல் சாயம் திட்டாக நிற்கும், வெளியே எடுத்து மறுபடி ஃபிக்ஸரிலும் தண்ணீரிலும் போட்டால் போய்விடும். பேட்டர்சன் டாங்குக்குள் வைக்கும் மாட்54 என்ற ஷீட் தாங்கி ஆறு ஷீட் கொள்ளும், கரைசல் சுமார் ஒரு லிட்டர் வேண்டும். எஸ்பி-445 என்ற டாங்க் நான்கு ஷீட் கொள்ளும், அரை லிட்டருக்குள் முடிந்துவிடும். இவற்றில் வேகமாகக் கவிழ்த்தால் ஷீட் தன் இடத்திலிருந்து நழுவி இன்னொன்றில் சாயும், நிதானமாகக் கவிழ்க்க வேண்டும். முழு இருட்டில் கால் மணி நேரம் நிற்க மனம் ஒப்பாதவர்கள் தாராளமாக இதிலேயே இருக்கலாம், நல்ல நெகட்டிவ் வரும். எனக்கு ட்ரே பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு, ஒவ்வொரு ஷீட்டையும் வேறு வேறு நேரத்துக்குக் கழுவலாம் என்பது.

அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய கேமராவைத் தூக்கிச் சுமப்பதற்கு எனக்கு இதுவே முதல் நியாயம். ஃபிலிமில் நிழல் பகுதிகள் டெவலப்பரில் சீக்கிரமே முடிந்துவிடுகின்றன. வெளிச்சம் அதிகம் பட்ட பகுதிகளோ நேரம் ஆக ஆக அடர்ந்துகொண்டே போகும். ஆகவே நிழலுக்கு எவ்வளவு விவரம் வேண்டும் என்பதைப் படம் எடுக்கும்போது தீர்மானிக்க வேண்டும், வெளிச்சம் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கழுவும்போது. ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த ஸோன் முறையின் அடிப்படை இதுதான். ரோலில் இதைச் செய்தால் மொத்த ரோலுக்கும் ஒரே நேரம்தான், ஷீட்டில் படத்துக்குப் படம் மாற்றலாம்.

ஒரு கல் மண்டபத்தின் உள்ளிருந்து வெளியே பார்க்கும் படம் எடுத்தேன். உள்ளே தூண்களில் மங்கிய வெளிச்சம், வாசலுக்கு வெளியே சுள்ளென்று வெயில். ஒரே ஹோல்டரின் இரண்டு பக்கத்திலும் ஒரே அளவு வெளிச்சம் கொடுத்து இரண்டு ஷீட். முதலாவதை 9 நிமிடம் 20 நொடி, அதாவது என் வழக்கமான ட்ரே நேரத்துக்குக் கழுவினேன். தூண்கள் அருமை, வாசல் ஒரே கறுப்புத் திட்டு, பிரிண்டில் வெறும் வெள்ளையாகத்தான் வரும். இரண்டாவதை மறுநாள் 7 நிமிடத்துக்குக் குறைத்தேன், கால் பங்கு குறைவு. தூண்களில் பெரிய மாற்றம் இல்லை, கொஞ்சம் மெலிவு. ஆனால் வாசலுக்கு வெளியே மரத்தின் இலைகளும் சுவரின் வெடிப்பும் வந்து நின்றன. அதிலிருந்து முக்கியமான காட்சி எதுவானாலும் இரண்டு ஷீட் எடுக்கிறேன். ஒன்றைக் கழுவிப் பார்த்துவிட்டு மற்றதற்கு நேரம் வைக்கிறேன்.

இந்தப் பழக்கத்தை ஃபிலிம் வீணாகாமல் கற்க விரும்புபவர்களுக்கு எக்ஸ்ரே ஃபிலிமைச் சொல்வேன். அது நீலம் அல்லது பச்சை வெளிச்சத்துக்கு மட்டும் அசையும், சிவப்பு விளக்கின் கீழ் கழுவலாம், படம் ட்ரேயில் எழும்பி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். பெரும்பாலானவற்றில் இரண்டு பக்கமும் எமல்ஷன் இருப்பதால் தொட்டாலே கீறும், ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும். நிழல் முதலில் நின்றுவிடுவதும் வெளிச்சம் தொடர்ந்து ஏறுவதும் என்று மேலே எழுதியதை நான் நம்பியது அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான்.

அலசுவது எளிது, பொறுமை மட்டும் வேண்டும். ட்ரேயில் தண்ணீர் நிரப்பி, ஷீட்டுகளைப் புரட்டி, கொட்டி, மறுபடி நிரப்பி என்று பத்து முறை, நடுநடுவே சில நிமிடம் ஊற விட்டு. இங்கேயும் ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சும்மா படுத்துக் கிடக்கக்கூடாது. கடைசி முழுக்கு காய்ச்சி வடித்த தண்ணீரில், ஃபோட்டோ-ஃப்ளோ அல்லது இல்ஃபோட்டால் (தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிய வைக்கும் திரவங்கள்) சில சொட்டு விட்டு. அதற்கு முன்பெல்லாம் என் வானங்களில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் காய்ந்து நிற்கும், குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு. துடைக்காதீர்கள், பஞ்சாலும் விரலாலும் தொடாதீர்கள். ஒரு மூலையில் மட்டும் கிளிப் மாட்டிச் சாய்வாகத் தொங்கவிட்டால் தண்ணீர் எதிர் மூலைக்கு இறங்கி ஒரே சொட்டாகப் போய்விடும்.

தூசிக்கு இரண்டு நேரம் உண்டு. காயும்போது ஒட்டுகிற தூசியை மறுபடி அலசிப் போக்கலாம். ஏற்றும்போது ஃபிலிமின் மேல் உட்கார்ந்த தூசி, அந்த இடத்தில் வெளிச்சம் விழாமல் தடுத்து, நெகட்டிவில் தெளிந்த புள்ளியாகவும் பிரிண்டில் கறுப்புப் புள்ளியாகவும் நிரந்தரமாகிவிடும். அதனால் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஹோல்டரையும் திறந்து, தட்டி, மெல்லிய பிரஷ்ஷால் உள்ளே பெருக்கி, டார்க் ஸ்லைடையும் துடைக்கிறேன். குளியலறையில் சற்று நேரம் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி அடங்கியபின் வேலையைத் தொடங்கினால் காற்றில் உள்ள தூசி கீழே படிந்துவிட்டிருக்கும். டார்க் ஸ்லைடை வெடுக்கென்று இழுத்தால் மின்னூட்டம் ஏறித் தூசியை இழுத்துக்கொள்ளும், மெதுவாக இழுங்கள்.

காய்ந்த மறுநாள் காலை ஒவ்வொன்றையும் விளிம்பில் பிடித்து உறையில் போடும் முன், அச்சடித்த தாள் ஒன்றின்மேல் வைத்துப் பார்க்கிறேன். மிக அடர்ந்த இடத்தின் வழியாகவும் எழுத்து படிக்க முடிந்தால் நேரம் சரி, முடியாவிட்டால் அடுத்த முறை குறைக்க வேண்டும். ஹோல்டர் எண், டெவலப்பர், டிகிரி, நிமிடம் நான்கையும் பென்சிலால் உறையின் மேல் எழுதுகிறேன், நெகட்டிவ் உள்ளே போகும் முன்பே, எழுதும் அழுத்தம் அதன்மேல் பதியாமல் இருக்க.